முத்துத்துறைக்கு வரும் பேராளர் அறியற்பாலன

தூத்துக்குடியென்றால் துறைமுகம்; தூத்துக்குடியென்றால் முத்து. கடல் கடந்து வாழும் அறிஞருட் பலர்க்கு இவ்வூரைப் பற்றிய அறிவு இவ்விரண்டு சொல்லளவில் நின்றுவிடுகின்றது. ஆஸ்திரேலியா முதலிய தூரதேயங்களினின்றும் தென்பாண்டி நாட்டில் நடைபெறும் ஆராய்ச்சி மாநாடுகட்குப் பேராளராய் வருவோர், துறைமுகமாதலின் கப்பலில் வந்திறங்கலாமென்றும், முத்துநகராதலின் முத்துக்குளிப்பைக் கண்டு மீளலாமென்றும் எண்ணுதல் இயல்பே. அளவைநூலுடையார் காட்சி, கருதல், உரை என வகுத்தனர். பழைய உரையொன்றையே பற்றிக்கொண்டு, இன்றைய காட்சியோடு ஒத்துப் பாராது பயணத்தை வகுப்பாராயின், அவர்க்கு நாளும் வீணாம், பொருளும் வீணாம். ஆதலின் அத்தகையார்க்கு வேண்டுவன சில ஈண்டு எழுதப்படுகின்றன.

கப்பலில் வந்து இறங்கலாகாதோ எனின், ஒருகாலத்து இறங்கினர், இக்காலத்து இயலாது. 1876-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை தூத்துக்குடியை அடைந்த பின்னர், சென்னையினின்றும் கொழும்பு செல்வார் புகைவண்டியில் இங்கு வந்து கப்பலேறுதல் பெருவழக்காயிற்று. ஆஸ்திரேலியா செல்லும் பெருங்கப்பல்கள் கொழும்பில் தங்கிச் சென்றமையின், அந்நாடு நோக்கிய தென்னிந்தியர்க்கும் இதுவே வாயிலாய் அமைந்தது. கடல் ஆழமில்லாமையால் கப்பல்கள் கரைக்கு நெடுந்தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் படகேறிச் சென்று அவற்றை அடைவர். 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவி ஆங்கிலக் கம்பெனிக்கு எதிர்நின்று கப்பல் விட்டதும் இக்கொழும்பு வழியிலேயாம். (சிவஞானபோதத்திற்கு உரைகண்ட சிதம்பரம் பிள்ளையும் இவரே என்பதனைக் கப்பற்கதை மட்டும் கேட்டார் அறியார், அவ்வுரை 1935-ல் வெளிவந்தது.) 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறக்கப்படவே பயணிகள் அங்குத் திரும்பினர். அவ்வழியும் 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது. 2011 ஜூனில் தூத்துக்குடியினின்றும் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் விடப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று.

இன்று காணப்படும் பெருந்துறைமுகம் 1974-ல் அமைந்தது. அது நிலக்கரியும் சரக்குப் பெட்டகங்களும் ஏற்றியிறக்கும் இடம். அனுமதிச் சீட்டின்றி அதனுட் புகுதலும், அங்கே படம் எடுத்தலும் கூடா. யாழ்ப்பாணத்து அன்பர்கட்கு மட்டும் காங்கேசன்துறை - நாகப்பட்டினக் கப்பல் ஒன்று உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தலைப்பட்ட அது மழைக்காலத்து நிறுத்தப்படுவதுமுண்டாகலின், உசாவி அறிந்தே அதனை நம்புதல் வேண்டும்.

இனி வழியாவது யாது எனின், வான்வழியே. சிட்னி, மெல்போர்ண் நகரங்களினின்றும் வருவார் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்பனவற்றுள் ஒன்றில் விமானம் மாறி, சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ இறங்கலாம். மதுரைக்கும் கொழும்பினின்று விமானம் உண்டு. மதுரையினின்றும் தூத்துக்குடி ஏறத்தாழ 140 கி.மீ. தரைவழி. தூத்துக்குடிக்கு மேற்கே வாகைக்குளத்தில் விமான நிலையம் ஒன்றுளது. அதன் புதிய கட்டிடம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. ஆயினும் அது உள்நாட்டு விமானங்கட்கே உரியது. உடல் தளர்ச்சியில்லாதார் சென்னை எழும்பூரில் மாலையில் முத்துநகர் விரைவுவண்டி ஏறி, உறங்கியெழுந்து காலையில் இறங்குதலே இனிது. பயண நாளுக்கு 60 நாள் முன்னரே இடம் பதிவு தொடங்குகின்றது. பதிவு தொடங்கும் நாளிலேயே பதிந்துகொள்ளாதார்க்கு விழாக்காலங்களில் இடம் கிடைப்பது அரிது.

நுழைவு அனுமதியாகிய விசாவைப் பற்றிப் பலரும் அசட்டையாயிருப்பர். ஊர் பார்க்கவும் உறவினரைக் காணவும் அளிக்கப்படும் சுற்றுலா விசா வேறு. மாநாட்டு விசா வேறு. பின்னதற்கு மாநாட்டினர் அனுப்பும் அழைப்புக் கடிதம் வேண்டும். மாநாட்டிற்கே மத்திய அரசின் இசைவு பெறப்பட்டிருத்தலும் வேண்டும். அவ்விசைவு பெறுவது அமைப்பாளர் கடன். பெற்றுள்ளனரா என்று கேட்டறிவது பேராளர் கடன். வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை உடையார்க்கு விசா வேண்டுவதில்லை எனினும், ஆராய்ச்சி, சமயப் பரப்பு முதலியவற்றிற்குத் தனி அனுமதி பெறவேண்டுமென்பது விதி. மாநாடு முடிந்தபின் ஊரூராய்ச் சென்று கல்வெட்டோ மீனவர் வழக்குச் சொல்லோ தொகுக்கக் கருதுவார் இதனை மறத்தலாகாது. செயற்கைக்கோள் வழிப் பேசும் தொலைபேசியை அனுமதியின்றி இந்நாட்டிற்குக் கொணர்தல் குற்றம். இலங்கைக்கு எதிர்முகமாய்க் கிடக்கும் இக்கடற்கரையில் காவல் மிகுதியாகலின், அறியாமற் செய்தாரும் பெரிதும் அல்லற்படுவர்.

எப்பருவத்து வருதல் நன்று? தை பிறந்து பங்குனி வரை என்க. சித்திரை முதல் வெயில் கடிது. ஆடியிற் காற்று மண்ணை வாரி இறைக்கும். ஜூலை 26 முதல் ஆகஸ்டு 5 வரை பனிமய மாதா கோயிற் பெருவிழாவாகலின் ஊரில் தங்குமிடம் கிடைத்தல் அரிது. ஐப்பசியிற் கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூரிலும் அவ்வாறே.

ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மழையைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். இது வறண்ட சீமை. ஆண்டு முழுதும் பெய்யும் மழையே சுமார் 65 செ.மீ. அளவினதென்பர். அதனால் மழையை இங்குள்ளார் அஞ்சுவதிலர்; விரும்புவர். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரு பகலும் இரவும் கொண்ட பொழுதிற்குள் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது. 17-ஆம் நாள் இரவு திருச்செந்தூரினின்றும் சென்னைக்குப் புறப்பட்ட விரைவுவண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் பாதையின் அடிமண் அரிப்புண்டு தண்டவாளம் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வண்டியிலிருந்தோர் ஏறத்தாழ 800 பேர். சாலைகள் வெள்ளத்தில் மூழ்கினமையின் உதவி வந்தெய்தவில்லை. அருகிலுள்ள புதுக்குடி என்னும் சிற்றூர் மக்கள், தாமும் வெள்ளத்திற் சிக்கியிருந்தும், தம் வீட்டரிசியைக் கொணர்ந்து சமைத்து அவர்கட்கு உணவளித்தனர். பெரும்பாலோர் 19-ஆம் நாளே மீட்கப்பட்டனர். அவ்வூரார் செய்த விருந்தோம்பல் என்றும் போற்றற்பாலது. எனினும் அதனை நம்பிப் பயணத்தை வகுத்தல் அறிவுடைமையன்று. கார்காலத்து மாநாட்டிற்கு வருவார், மாநாட்டின் இறுதி நாளுக்கும் வெளிநாட்டு விமானம் ஏறும் நாளுக்கும் இடையே இரண்டு நாளேனும் விட்டுவைக்க. மருந்துண்பார் ஒரு வாரத்திற்குக் கூடுதலாகவே கையில் வைத்துக்கொள்க.

இனி முத்து. கரையினின்றும் சில காததூரம் கடலுட் சென்றால் பார் எனப்படும் கற்றிடர்கள் உள்ளன. அவற்றில் ஒட்டி வளரும் சிப்பியை மூச்சடக்கி மூழ்கி எடுத்தல் முத்துக்குளித்தல் எனப்படும். கொற்கையின் முத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த யவனர் கடற்செலவு நூலாகிய பெரிப்ளுஸ் குறித்துள்ளது. குற்றஞ்செய்து தண்டம் பெற்றோரைக்கொண்டு அக்காலத்து முத்தெடுத்தனர் என்பது அதன் கூற்று. சிப்பி ஆண்டுதோறும் விளைவதன்று. பல ஆண்டு பார் வெறுமையாய்க் கிடக்கும். பின்னர் ஒருகால் பெருகும். ஆதலின் அரசினர் பாரைச் சோதித்து, விளைந்த காலத்து மட்டுமே குளிப்பு நடத்துவர். அங்ஙனம் இக்கரையில் இறுதியாக நடந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டினது. அதன்பின் இல்லை. 1973-ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வூரிற் சிப்பியினுள் கருவிட்டு முத்து வளர்த்துக் காட்டினர். ஆராய்ச்சி வெற்றியே ஆயினும் பழைய வாணிகம் திரும்பவில்லை.

ஆகவே கடைத்தெருவிலும் கோயில் வாயில்களிலும் “தூத்துக்குடி முத்து” என்று விற்கப்படுவன யாவை எனின், பெரும்பாலும் வேற்றிடத்து வளர்ப்பு முத்துக்கள், அல்லது கண்ணாடி மணிகள். ஐந்து தலைமுறைக்கு முந்திய முத்து ஒரு குடும்பத்திற் பேணப்பட்டு விலைக்கு வருதல் கூடாததன்று. ஆனால் அது கூவி விற்கப்படுவதில்லை. ஆஸ்திரேலியப் பேராளர்க்கு இதில் வியப்பொன்றுண்டு. அவர்தம் நாட்டின் மேற்குக் கரையிலுள்ள புரூம் என்னும் ஊர் இன்றும் முத்து வாணிகத்தாற் பெயர்பெற்றது. முத்துடைய நாட்டார் முத்தொழிந்த துறைக்கு முத்து வாங்க வருதல் நகைக்கிடமன்றோ? வழிநெடுகச் சாலையின் இருமருங்கும் வெண்குவையாய் அவர் காண்பது உப்பு. இன்று இவ்வூரின் முத்து அதுவே. மாசி பங்குனியில் உப்பளங்களில் வேலை நடப்பதைக் கண்டு செல்லலாம்.

காணத்தக்க இடங்கள் சில. கொற்கை இன்று கடற்றுறையன்று. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப்போக, வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூராய் நிற்கின்றது. கடலைத் தேடிச் செல்வார் ஏமாறுவர். வரலாற்றைத் தேடிச் செல்வார்க்கு அம்மாற்றமே காட்சி. ஆதிச்சநல்லூரில் முதுமக்கட்டாழிகளை அகழ்ந்த குழியிலேயே வைத்துக் காட்டும் காட்சியகம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தூத்துக்குடியினுள்ளேயே சங்கரராமேசுவரர் கோயிலும், 1883-ல் தோன்றிய சைவ சித்தாந்த சபையும் உள்ளன. திருச்செந்தூர் 40 கி.மீ. அளவினது. ஆண்மக்கள் அங்குச் சட்டையின்றியே உட்செல்லல் வேண்டுமாதலின் மேலாடை ஒன்று கைக்கொள்க. கடலினுள் தோன்றும் சிறு தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாய்க் காக்கப்படுவன. வனத்துறை அனுமதியின்றி அவற்றில் இறங்கலாகாது.

சிறியன சில. சிட்னி நேரம் இந்திய நேரத்தினும் நான்கரை மணி முந்தியது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஐந்தரை மணி. மின்னழுத்தம் இருநாட்டிலும் 230 வோல்ட்டே. செருகியின் காலமைப்பு வேறாகலின் இணைப்பான் வேண்டும். கடைகளிற் கைபேசியாற் பணம் செலுத்துதல் பெருகிவிட்டமையின் மாற்றுச் சில்லறை இல்லை என்பர். சிறு நோட்டுக்கள் கைவசம் இருக்க. இவ்வூர் மக்ரூன் பேர்போன இனிப்பு. முந்திரிப்பருப்பும் சர்க்கரையும் என்று மட்டும் சொல்லி விருந்தினர்க்குக் கொடுப்பர். அதனைத் திரட்டி நிறுத்துவது முட்டையின் வெண்கருவாகலின் சைவ உணவினர் அறிந்து விலக்குக. அவர்க்கு உடன்குடிக் கருப்புக்கட்டி உண்டு.

ஊர் திரும்புங்கால் மூட்டையிற் கட்டுவதைப் பற்றியும் கருதுதல் வேண்டும். பவளப்பாறைத் துண்டு, கடற்குதிரை, கடலட்டை என்பன இந்திய வனவிலங்குச் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. ஒரு சிறு துண்டும் எடுத்தலாகாது. ஆஸ்திரேலியாவில் இறங்குவார் நிரப்பும் வருகைச் சீட்டில் உணவு, விதை, மரப்பொருள், விலங்கின்பாற் பெற்ற பொருள் அனைத்தையும் அறிவித்தல் கட்டாயம். அறிவித்துக் காட்டினால் ஆராய்ந்து பெரும்பாலும் திருப்பித் தருவர், மறைத்தால் தண்டம். உருத்திராக்கம் விதை, சங்கு உயிரின் ஓடு, கருப்புக்கட்டி உணவு. பாலாற் செய்த பண்டங்கள் பெரும்பாலும் விடப்படுவதில்லை. முப்பது நாளுக்குள் பண்ணையிலோ ஆற்றிலோ கால்வைத்தனிரோ என்றும் அச்சீட்டு வினவும். கோசாலை கண்டாரும் தாமிரபரணியில் நீராடினாரும் ஆம் என்றே எழுதுக. திருச்செந்தூரில் திருநீறு பன்னீர் இலையில் மடித்தளிக்கப்படும். அவ்விலை தாவரப்பொருளாகலின், திருநீற்றை ஒரு சிமிழிற் பெய்துகொண்டு, இலையை இங்குள்ள உறவினர் பூசையறையிலேயே வைத்துச் செல்வது நன்று; சிமிழையும் சீட்டிற் குறிக்க.