ஓம், வாட் ஆன கதை



எங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். ஆரல்வாய்மொழி காற்றாலைகளைப் பார்த்துவிட்டு வந்து, சின்னதாக ஒரு மாடல் செய்தோம். பாகங்களின் பட்டியலில் 100 Ω ரெசிஸ்டர் என்றும், கெப்பாசிட்டருக்கு மைக்ரோஃபாரட்டின் µ குறியும் டைப் செய்திருந்தோம். வேறொரு கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்தபோது Ω இருந்த இடத்தில் ஆங்கில 'டபிள்யூ', µ இருந்த இடத்தில் 'எம்'!

"எல மக்கா, 100 வாட் ரெசிஸ்டருக்கு எங்க போவ?" என்று கூட்டாளி சிரித்தான். சிரிப்பு அடங்கிய பிறகுதான் விஷயம் உறைத்தது. ரெசிஸ்டருக்கு ஓமும் உண்டு, வாட்டும் உண்டு. அதனால் படிப்பவருக்குத் தப்பு என்றே தெரியாது. மைக்ரோ மில்லியானால் மதிப்பு 1000 மடங்கு ஏறிவிடும்.

இது ஏன் நடக்கிறது?

கம்ப்யூட்டர் எழுத்தின் படத்தைச் சேமிப்பதில்லை. அதற்குரிய எண்ணைத்தான் சேமிக்கிறது. 'சிம்பல்' என்ற ஃபான்ட்டில் 'டபிள்யூ'வின் எண்ணில் Ω படத்தை வைத்திருக்கிறார்கள்; சின்ன 'எம்'மின் எண்ணில் µ. ஃபான்ட் மாறிப்போனால் பழைய எழுத்து எட்டிப் பார்க்கும். பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த லெட்டர், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்ததும் இதே காரணத்தால்தான்.

1991-இல் முதல் பதிப்பு வெளிவந்த யூனிகோட் முறையில் ஒவ்வொரு குறிக்கும் தனி எண். Ω-வுக்கு 937. ஃபான்ட்டில் அந்தக் குறி இல்லையென்றால் வெறும் கட்டம் தெரியும், அவ்வளவுதான். கட்டத்தைப் பார்த்தால் தப்பு என்று புரியும். 'டபிள்யூ'வைப் பார்த்தால் புரியாது. ஆபத்து அங்கேதான்!

சரி, எப்படிப் போடுவது?

1. எம்.எஸ். வேர்டில் 'இன்சர்ட்' மெனுவில் 'சிம்பல்' போங்கள். ஃபான்ட் பெட்டியில் 'சிம்பல்' வேண்டாம். 'நார்மல் டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, குறியைத் தேடிப் போடுங்கள்.

2. 'நம் லாக்' போட்டு, 'ஆல்ட்' கீயை அமுக்கியபடி வலப்பக்க எண் கீகளில் அடியுங்கள்: 0176 என்றால் °, 0177 என்றால் ±, 0181 என்றால் µ, 937 என்றால் Ω, 8960 என்றால் விட்டத்துக்கான ⌀.

3. ஒரே குறி அடிக்கடி வருமானால் 'ஆட்டோ கரெக்ட்'டில் ஒரு சுருக்கெழுத்து கொடுத்து வையுங்கள். அதை அடித்தால் குறி தானே வந்து உட்காரும்.

நம்ம தோவாளை பூச்சந்தை பில்லுக்கு வேண்டிய ₹ குறிக்கு எண் 8377. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த இக்குறியை மத்திய அரசு 2010 ஜூலை 15-இல் ஏற்றது. அந்த ஆண்டே யூனிகோடிலும் சேர்ந்துவிட்டது. அதற்கும் முன்பே, 2003-இல், நம் பழைய கணக்கேடுகளின் தமிழ்க் குறிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது: நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, ரூபாய் ௹. முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகள் 2019-இல் சேர்ந்தன.

கடைசியாக ஒன்று. ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன், ஒருவர் வாசிக்க, இன்னொருவர் குறிகளை மட்டும் சரிபாருங்கள். பத்து நிமிஷ வேலைதான். நாங்கள் அதைச் செய்யாமல் விட்டதால் பதினெட்டுப் பக்கம் திரும்ப பிரிண்ட் எடுத்தோம். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்!