தோழிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது

தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிய புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்துதான் வருகின்றன. அங்கே வராதவர்கள் எத்தனை பேர்? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கீத் ஹாட்டன் குழுவினர் இங்கிலாந்தின் 41 பள்ளிகளில் 15, 16 வயது மாணவர்கள் 6,020 பேரிடம் கேட்டு, 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முந்தைய ஓராண்டுக்குள் தங்களைக் காயப்படுத்திக்கொண்டவர்கள் 6.9 சதவீதம். அந்தச் சம்பவங்களில் ஆஸ்பத்திரி வரை போனவை 12.6 சதவீதம், அதாவது எட்டில் ஒன்று. மீதி ஏழும் ஆஸ்பத்திரியின் கண்ணில் படவே இல்லை. அதே மாணவர்களிடம் ‘யாரிடம் உதவி கேட்டீர்கள்’ என்று விசாரித்தபோது, பெற்றோரையும் ஆசிரியரையும் பின்னுக்குத் தள்ளி முதலிடத்தில் நின்றவர்கள் நண்பர்கள். அப்படியானால், சக வயதினரின் துணையை இந்த விஷயத்தில் அனுமதிக்கலாமா என்று விவாதிப்பதே வீண். அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அதை எந்தப் பயிற்சியும் இல்லாத பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் அப்படியே விட்டுவைக்கலாமா என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

பிள்ளைகள் ஏன் நண்பர்களிடம் போகிறார்கள் என்பதற்கு, காயத்தின் காரணத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. ‘எல்லாம் நம்மைப் பயமுறுத்த, சீன் போடுகிறாள்’ என்பது வீட்டில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. அதுவரை வந்த ஆய்வுகளை 2007-இல் தொகுத்துப் பார்த்த உளவியலாளர் டேவிட் க்ளான்ஸ்கி, பெரும்பாலானவர்கள் தாங்க முடியாத உணர்ச்சிக் கொந்தளிப்பைத் தணிக்கவே இதைச் செய்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். தணிவு கொஞ்ச நேரம்தான். பிறகு வெட்கமும் குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ள, பழைய வலி திரும்பிவருகிறது. பிறர் பார்க்க வேண்டும் என்று செய்பவர்கள் ஏன் வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கப் போகிறார்கள்? அம்மா பார்த்துவிட்டால் முதலில் அழுகை, அடுத்து திட்டு, கடைசியில் ‘இனிமே செய்ய மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு’. அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் அந்தச் சத்தியம் வலியை நிறுத்துவதில்லை, இன்னும் கவனமாக மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது. பக்கத்து பெஞ்சில் இருப்பவள் சத்தியம் வாங்குவதில்லை. ‘என்னடி ஆச்சு?’ என்று கேட்கிறாள். வலியைப் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

நண்பர்களின் துணைக்கு எதிராக வரும் முதல் ஆட்சேபம் வலுவானது: இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளாதா? ஹாட்டன் ஆய்விலேயே, காயப்படுத்திக்கொண்ட பிள்ளைகளுக்கு அதே பழக்கமுள்ள நண்பர்கள் இருப்பது அதிகம் என்று தெரியவந்தது. ஒரே மாதிரித் துயரம் உள்ளவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சேர்வதும் இதற்கு ஒரு காரணமாகலாம். அதற்காக ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. இத்தகைய வளரிளம் பருவத்தினரை ஒன்றாக உட்காரவைத்துக் குழுச் சிகிச்சை தந்த மூன்று சோதனைகளைப் பாருங்கள். 2001-இல் இங்கிலாந்தில் 63 பேரை வைத்து நடந்த முதல் சோதனையில், குழுவில் இருந்தவர்கள் மீண்டும் மீண்டும் காயப்படுத்திக்கொள்வது நன்றாகவே குறைந்தது. அந்த உற்சாகத்தில் ஆஸ்திரேலியாவில் 72 பேருக்கு அதே முறையைக் கொடுத்துப் பார்த்து, 2009-இல் வெளியிட்ட முடிவு தலைகீழ். ஆறு மாதத்துக்குள் குழுவில் இருந்த 34 பேரில் 30 பேர் மறுபடியும் காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்த 34 பேரில் 23 பேர். இங்கிலாந்தில் 366 பேரோடு நடந்து 2011-இல் வெளியான பெரிய சோதனையில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. துயரப்படுகிறவர்களை ஒரே அறையில் கூட்டிவைப்பது தானாக மருந்தாகிவிடாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

ஆனால் இதிலிருந்து ‘பிள்ளைகள் இதைப் பற்றித் தங்களுக்குள் பேசவே கூடாது’ என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள் இன்னொரு ஆய்வுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பத்து ஐரோப்பிய நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களோடு நடந்த சோதனை அது. முடிவு 2015-இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பகுதிப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, இன்னொரு பகுதியில் வினாத்தாள் மூலம் ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டறிந்து நிபுணரிடம் அனுப்புதல், மூன்றாவது பகுதியில் பயிற்சி பெற்ற ஒருவர் முன்னிலையில் மாணவர்களே நடித்துக்காட்டியும் விவாதித்தும் மனநெருக்கடியைப் பற்றிப் பேசுதல். ஓராண்டு கழித்துப் பார்த்தால், தற்கொலை முயற்சியைக் குறைத்தது மூன்றாவது முறை மட்டும்தான். ஒப்பீட்டுக்காகச் சுவரொட்டி மட்டும் ஒட்டிய பள்ளிகளில் புதிதாக முயன்றவர்கள் 1.51 சதவீதம், மூன்றாவது பகுதிப் பள்ளிகளில் 0.70 சதவீதம். இந்தச் சோதனை வகுப்பு முழுவதையும் சேர்த்துக்கொண்டது, முந்தைய மூன்றும் ஏற்கெனவே காயப்படுத்திக்கொண்டவர்களை மட்டும் ஒன்றுசேர்த்தன. என் கணிப்பில் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. ஆகவே பேச்சுக்கு ஒரு வரம்பு வேண்டும். எப்படிச் செய்தாய், எத்தனை முறை, தழும்பைக் காட்டு, போட்டோ அனுப்பு என்ற பேச்சு அறவே கூடாது. என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இந்த இரவை எப்படிக் கடக்கப்போகிறாய் என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

இரண்டாவது ஆட்சேபம், படிக்கிற பிள்ளையை அரைகுறை டாக்டராக்குவதா என்பது. ஆக்கக் கூடாதுதான். அமெரிக்காவில் 18 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து 2010-இல் வெளியான சோதனையில் மாணவத் தலைவர்களுக்கு முக்கியமாகக் கற்றுக்கொடுத்தது, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் நண்பனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பெரிய பள்ளிகளில் பயிற்சி பெற்றவர்கள் அப்படிச் சேர்த்தது, பெறாதவர்களைவிட நான்கு மடங்கு. நம் ஊரிலும் இதன் சாயல் உண்டு. தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்கள் இரண்டில், டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினரின் ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு முகாமில் மனநல மருத்துவர்கள் அல்லாத சமூகத் தன்னார்வலர்கள் மக்களைத் தொடர்ந்து சந்தித்து, நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று ஒரு அட்டையில் எழுதிவைக்க உதவினார்கள். தற்கொலைகளும் முயற்சிகளும் மற்ற முகாமைவிட அங்கே குறைந்தன. அவர் 1986-இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சினேகா’வும் தன்னார்வலர்களின் காதை நம்பித்தான் நடக்கிறது (044-24640050). அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் இயங்குகிறது. தோழியின் பாரத்தைத் தாங்க முடியாமல் தவிக்கும் தோழியும் இந்த எண்களைக் கூப்பிடலாம். பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

எஞ்சுவது ரகசியம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதே, ‘உன்னைத் தனியாக விடமாட்டேன், நாம் சேர்ந்தே போய்ச் சொல்வோம்’ என்று சொல் எனப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது எளிது. அவர்கள் போய் நிற்கும் இடத்தில் நடப்பதுதான் சிக்கல். தகவல் தெரிந்த அன்றே பெற்றோரை வரவழைத்து, ‘மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்’ என்று டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளியில், அடுத்த முறை எந்தத் தோழி வாய் திறப்பாள்? பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் முன்பு, தலைமையாசிரியர் அறையில் என்ன நடக்கும், யார் முதலில் பேசுவார்கள், வீட்டுக்கு எப்போது, எப்படித் தெரிவிப்பார்கள் என்பதைப் பள்ளி எழுதிவைத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட வேண்டும்.