மெமரி கார்டை அப்படியே உருவலாமா?

கொடைக்கானலில் 2018-ல் குறிஞ்சி பூத்தது, அடுத்து 2030-ல்தான். அந்தப் படங்கள் உள்ள மெமரி கார்டை ரீடரில் செருகி, வேண்டாதவற்றை அழித்து, சிலவற்றுக்குப் பெயர் மாற்றிவிட்டு, சட்டென்று உருவிவிடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

கம்ப்யூட்டர் ஓடும்போதே செருகி எடுக்கத்தான் இந்தக் கார்டும் பென் டிரைவும் உருவாக்கப்பட்டுள்ளன. ஆனால் திரையில் வேலை முடிந்ததாகத் தெரிந்தாலும், வேகத்துக்காக விண்டோஸ் அந்த மாற்றங்களை ராம் நினைவகத்தில் வைத்திருந்து, சற்றுப் பிறகு கார்டில் எழுதக்கூடும். இதற்கு ரைட் கேச்சிங் என்று பெயர். அதற்குள் உருவினால், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பாதியில் நின்றுவிடும். அடுத்த முறை செருகியதும், 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கலாம். பதறிப்போய் சம்மதித்துவிடாதீர்கள். படங்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும்; புதிதாக எதையும் பதியாமல் ரெக்கவரி சாஃப்ட்வேர் மூலம் தேடிப் பாருங்கள்.

2018-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1809 முதல் 'குயிக் ரிமூவல்' முறையே மாறா நிலையில் தரப்படுகிறது. எழுதும் வேலை நடக்காதபோது நேரடியாக எடுக்கலாம். நடக்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்? அதனால் நான் இன்றும் பழைய வழிதான். டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் 'சேஃப்லி ரிமூவ் ஹார்ட்வேர்' ஐகானைக் கிளிக் செய்து, கார்டைத் தேர்ந்தெடுங்கள். எடுக்கலாம் என்ற செய்தி வந்தபின் உருவுங்கள். பயன்பாட்டில் உள்ளது என்று மறுத்தால், கார்டிலுள்ள ஏதோ ஒரு ஃபைல் திறந்திருக்கிறது. அதை மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள்.