வெளுக்காத பருத்தியின் நிறம்

நெய்யாற்றின்கரையைக் கடந்து நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கி வந்தால் பாறசாலை. அதற்கப்பால் களியக்காவிளையில் தமிழகம் தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை இங்கே வகுக்கப்பட்ட பின்னரும், இவ்வூர்களின் பல வீடுகளில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில்தான் அமர்ந்திருக்கின்றன. பாலராமபுரம் கைத்தறிச் சேலைகளையும் செட்டுமுண்டுகளையும் நெசவாளரிடம் வாங்கி, கைப்பேசி வழியே வெளியூர்களுக்கு விற்றுவரும் அம்மையார் ஒருவரின் இல்லத்திற்கு, ஓணத்திற்கு மூன்று வாரங்கள் இருக்கையில் நாம் சென்றிருந்தோம்.

திண்ணையில் நான்கு பொட்டலங்கள் கிடந்தன. நான்கும் திரும்பி வந்தவை. இருவர், படத்தில் தூய வெள்ளையாக இருந்த சேலை கையில் பழுப்பாக வந்து சேர்ந்தது என்று குறைப்பட்டிருந்தனர். மற்ற இருவரின் குறை நேர்மாறானது: படத்தில் சந்தன மஞ்சளாகத் தெரிந்தது, வந்ததோ வெளிறிப்போயிருந்தது என்றனர். நான்கும் ஒரே தறியில் ஒரே பாவில் நெய்யப்பட்டவை. வாங்கியவர் எவரும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது படம்தான்.

இந்தப் பொய்க்கு விலை உண்டு. நெசவாளருக்குக் கூலி கொடுத்தாயிற்று. போகவர அஞ்சல் செலவு விற்றவர் தலையில் விழுகிறது. ஓணம் கடந்துவிட்டால் கசவுச் சேலை அடுத்த விஷு வரையில் அலமாரியில் உறங்கும். அதில் முடங்கிய கடனுக்கு வட்டி மட்டும் உறங்குவதில்லை.

பாலராமபுரம் துணியின் பெருமையே அதன் நிறத்தில் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மரின் காலத்தில் தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து சாலியர்கள் இங்கே குடியமர்த்தப்பட்டனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர்கள் வழிவந்தோர் குழித்தறியில் நெய்யும் துணி வெளுக்கப்படாத பருத்தி. பாலேட்டின் சாயல் கொண்டது. கரையில் ஓடும் கசவு பொன்னிறச் சரிகை. புவிசார் குறியீடு பெற்ற இத்துணியின் இவ்விரு நிறங்களும் டிஜிட்டல் கேமராவைத் தடுமாறச் செய்பவை.

காரணம் எளியது. நம் கண்ணும் மூளையும் விளக்கொளியிலும் வெயிலிலும் ஒரு துணியை ஒரே நிறமாகக் கண்டுகொள்ளும். கேமராவோ தன்மேல் விழும் ஒளியை அளக்க மட்டுமே அறியும். பழைய குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 2,700 கெல்வின், நண்பகல் ஒளி 5,500, நிழலில் 7,000-க்கும் மேல். எண் ஏற ஏற ஒளி நீலம் பாயும். அந்தச் சாயலைக் கழித்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பே வெண்சமநிலை. கேமராவில் ‘ஒயிட் பேலன்ஸ்’ என்றிருக்கும். அதனைத் தானியங்கி நிலையில் விட்டுவிட்டால் கேமரா ஊகம் செய்கிறது. படம் முழுவதும் பாலேட்டு நிறம் நிறைந்திருக்கும்போது, இது மஞ்சள் விளக்கின் குற்றம் என்று எண்ணித் துணியின் சொந்த நிறத்தையே கழித்துவிடும். முதல் இரண்டு சேலைகள் வெள்ளையான கதை இதுதான்.

பின்னிரண்டின் கதை நமக்குச் சிரிப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தந்தது. வெள்ளைப் பொருள் ஒன்றைக் காட்டி வெண்சமநிலையைத் தாமே அமைக்கலாம் என்று கையேட்டில் படித்த அம்மையார், வீட்டிலேயே மிக வெண்மையானதைத் தேடி, சொட்டு நீலம் போட்டு உலர்த்திய வேட்டியைக் காட்டியிருக்கிறார். கேமரா அந்த நீலத்தை நடுநிலை என்று நம்பி, ஈடுகட்ட மஞ்சளை ஏற்றிவிட்டது. அச்சுத்தாளிலும் இந்த ஆபத்து உண்டு; வெண்மை கூட்டும் வேதிப்பொருள் சேர்ந்த தாள்கள் நீலச்சாயல் காட்டும். விற்கும் சேலையையே காட்டுவது எல்லாவற்றினும் பிழை. அதன் சாயல் அடியோடு மறைந்துபோகும்.

இதற்கென்றே விற்கப்படும் நடுநிலைச் சாம்பல் அட்டை ஒன்று போதும். துணி இருக்கும் இடத்தில், அதே ஒளியில் அட்டையை வைத்து, படச்சட்டத்தின் நடுப்பகுதி நிறையும்படி ஒரு படம் எடுத்து, ‘கஸ்டம்’ வெண்சமநிலைக்கு அப்படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேமராவுக்குக் கேமரா வழி சற்றே மாறும். மேகம் மூடினாலும் இடம் மாறினாலும் மீண்டும் அமைக்க வேண்டும். கைப்பேசியில் ‘ப்ரோ’ நிலை இருப்பின் கெல்வின் எண்ணைத் தாமே நிறுத்தலாம். அங்கே எண்ணை உயர்த்தினால் படம் மஞ்சள் நோக்கிச் செல்லும் என்பதை நினைவிற்கொள்க.

அடுத்தது ஒளியளவு. கேமராவின் ஒளிமானி, காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாகக் கருதியே அளக்கிறது. ஆகவே வெளிர்நிறத் துணி மங்கி, அழுக்கேறியதுபோல் பதிவாகும். ‘எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்’ அமைப்பைக் கூட்டல் பக்கம் மூன்றில் இரண்டு அல்லது ஒரு படி நகர்த்தினால் துணி தெளியும். அளவு மீறினால் கசவின் பளபளப்பு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கசவுக்கு நேரெதிர் வெளிச்சமும் ‘ஃபிளாஷும்’ ஆகா. பக்கவாட்டிலிருந்து வரும் மென்மையான ஒளியில்தான் சரிகை பொன்னாகத் தெரிகிறது.

‘விவிட்’ போன்ற வண்ணப் பாணிகள் பொன்னை மஞ்சள்கிழங்காக்கும். ‘நியூட்ரல்’ என்பதே நம் பரிந்துரை. நிறவெளியை ‘எஸ்.ஆர்.ஜி.பி.’யில் வைத்திருப்பது இணையத்திற்கு ஏற்றது. ‘ரா’ கோப்பாகவும் சேமித்தால், வெண்சமநிலையைப் பின்னர் கணினியில் திருத்த இயலும்.

எனினும் எந்த அமைப்பாலும் தீராத குறை ஒன்றை அன்று முற்றத்தில் கண்டோம். மழைக்காக நீலத் தார்ப்பாய் கட்டப்பட்டிருந்தது. ஒருபுறம் தென்னந்தோப்பின் பச்சை, உள்ளே எரியும் குழல்விளக்கு. சேலையின் ஒவ்வொரு மடிப்பிலும் வெவ்வேறு நிறம் விழுந்தது. ஒரு படத்தில் மூன்று வகை ஒளி இருந்தால் ஒரு வெண்சமநிலை எதற்கென்று ஈடுசெய்யும்? விளக்கை அணைத்து, வடக்குப் பார்த்த உள்ளறைச் சன்னலருகே வெள்ளைச் சுவரையொட்டி மேசையை மாற்றினோம். பகலொளி வாய்க்காதவர்கள், நிறங்காட்டும் திறனைக் குறிக்கும் ‘சி.ஆர்.ஐ.’ எண் 90-க்குக் குறையாத விளக்குகளை வாங்குதல் நன்று.

அன்று பிற்பகல் எடுத்த படத்தைத் திரையில் வைத்து, அதன் அருகே அதே சேலையை விரித்துப் பார்த்தோம். பாலேடு பாலேடாகவே இருந்தது. வாங்குபவரின் கைப்பேசியில் இரவுநேர மஞ்சள் வடிகட்டி இயங்கினால் நாம் செய்யக்கூடியது ஏதுமில்லை. அதனால், சாம்பல் அட்டையும் சேலையும் சேர்ந்த ஒரு படத்தையும், ‘வெளுக்காத பருத்தி, பாலேட்டு நிறம்’ என்னும் ஒரு வரியையும் உடன் அனுப்ப அம்மையார் முடிவு செய்தார். அட்டையை உறையிலிட்டு அலமாரியில் பூட்டியும் வைத்தார். தேங்காயெண்ணெய்க் கை பட்டால் அதுவும் நிறம் மாறிவிடும் அல்லவா?