வாட்டுக்கு மயங்காத காது

மேடையில் பேஸ் கிட்டார் எடுபடவில்லை என்றால், வாசிப்பவருக்கு முதலில் தோன்றுவது இன்னும் அதிக வாட் உள்ள ஆம்ப் வாங்க வேண்டும் என்பதுதான். 300 போதவில்லையா, 600 வாங்கு என்பார்கள் சக கலைஞர்கள். இயற்பியல் கணக்கு அவ்வளவு தாராளமானதல்ல. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும்; கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு ஒலி ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 300 வாட் ஆம்ப் வைத்திருப்பவர் 3000 வாட்டுக்குத் தாவ வேண்டும்! அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஸ்பீக்கர் பெட்டியில் போட்டால் அதைவிட அதிகப் பலன் கிடைக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

பேஸ் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? அதன் தடித்த ஈ தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82 முறை. ஒரு ஸ்தாயிதான் வித்தியாசம். ஆனால் அதே ஒலி அழுத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப, ஸ்பீக்கரின் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். கோன் அசைவதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தொட்டபின் எத்தனை வாட் கொடுத்தாலும் ஒலி கரகரக்குமே தவிர ஏறாது. காதும் நமக்கு உதவுவதில்லை. தாழ்ந்த ஒலிகளுக்கு மனிதக் காது மந்தம் என்பதை பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினார்கள். இன்றைய சர்வதேசத் தர அளவீட்டின்படி, 1000 ஹெர்ட்ஸில் 80 டெசிபலாக ஒலிக்கும் சுரத்துக்கு நிகராகக் கேட்க, 40 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 105 டெசிபல் இருக்க வேண்டும். அந்த 25 டெசிபல், ஆற்றல் கணக்கில் 300 மடங்குக்கும் மேல்.

ஆக, அதிகக் காற்றைத் தள்ளுவதுதான் வேலை. அதைச் செய்வது கோனின் பரப்பு. ஸ்பீக்கர் பெட்டியின் விவரத் தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும்: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. 94 டெசிபல் பெட்டிக்கு 1000 வாட் கொடுத்துப் பெறும் ஒலியை, 100 டெசிபல் பெட்டி 250 வாட்டிலேயே தந்துவிடும். 97 டெசிபல் பெட்டிகூட உள்ளே போகும் மின்சாரத்தில் சுமார் 3 விழுக்காட்டைத்தான் ஒலியாக்குகிறது. மிச்சமெல்லாம் வாய்ஸ் காயிலில் வெப்பம். காயில் சூடேறினால் அதன் மின்தடையும் ஏறும், ஒலி இன்னும் குறையும். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி ஆம்பை அதன் 300 வாட்டுக்காகவே இன்றும் வியக்கிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதே ஆண்டின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதன் முன்மாதிரிகளைக் கொண்டுபோனது. அந்த ஆம்போடு இணைப்பதற்கென்று செய்யப்பட்டவை தலா எட்டுப் 10 இன்ச் ஸ்பீக்கர்கள் கொண்ட இரண்டு பெட்டிகள். அந்தப் பதினாறு ஸ்பீக்கர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வாட்டே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. தந்தியைச் சுண்டும் கணத்தில் ஒலி சராசரியைவிடப் பல மடங்கு எகிறும். அதைத் தாங்கும் இருப்பு இல்லாத சிறிய ஆம்ப், அலையின் உச்சியை வெட்டிவிடும். டிரம்ஸோடு போட்டியிடும் பேஸுக்கு சில நூறு வாட் நியாயமான தேவை. அதற்கு மேலே போகும்போதுதான் லாபம் கரைகிறது. கைக்கு அடக்கமான பெட்டிகளே இப்போது முழங்குகின்றனவே என்று கேட்கலாம். பெட்டி சிறிதாக வேண்டும், ஒலி ஆழமாக வேண்டும், குறைந்த வாட்டில் உரக்கக் கேட்க வேண்டும் என்ற மூன்றில் இரண்டைத்தான் இயற்பியல் தரும். ஹாஃப்மன் விதி என்று இதைச் சொல்வார்கள். சிறிய பெட்டி ஆழத்தையும் தக்கவைத்துக்கொண்டால் வாட்டைத்தான் தின்னும். பெரிய அரங்குகளில் பேஸ் நேராக மிக்ஸருக்குப் போய்விடுகிறது என்பதும் உண்மை; அங்கே மேடை ஆம்ப் வாசிப்பவரின் காதுக்கு மட்டும்தான் என்பதால் பெரிய வாட்டுக்கு இன்னும் குறைவான வேலை. இன்னொன்று: 41 ஹெர்ட்ஸ் அடிப்படை ஒலி மங்கலாக இருந்தாலும் 82, 123 என்ற அதன் மேலொலிகளிலிருந்து மூளை சுருதியைக் கண்டுகொள்ளும். எனவே பேஸ் குமிழை முழுதாகத் திருகுவதைவிட, மிட் குமிழைச் சற்று ஏற்றிப் பார்ப்பது மேல். செலவே இல்லை.

புது ஆம்புக்குப் பணம் கட்டுமுன், இருக்கும் ஆம்பைக் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு மூன்று பெட்டிகளில் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். இப்போதுள்ளதைப் போன்ற இரண்டாவது பெட்டியைச் சேர்ப்பதாக இருந்தால், ஆம்பின் பின்புறம் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச ஓம் அளவைப் பாருங்கள். இரண்டு 8 ஓம் பெட்டிகள் இணையாகச் சேர்ந்தால் 4 ஓம். பெரும்பாலான ஆம்ப்கள் தாங்கும். இரண்டு 4 ஓம் பெட்டிகள் சேர்ந்தால் 2 ஓம். அதற்கென்று வடிவமைக்காத ஆம்ப் பாதிக் கச்சேரியில் அணைந்துபோகலாம், கருகியும் போகலாம்.