வாயில் தேடி வாராத மாணாக்கர்

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி புகுவோர்க்குப் பாடச்சுமையொன்று. கல்லூரி நடைமுறை அறியாமை மற்றொன்று. எப்பாடத்தை எப்பருவத்திற் பயில்வது, பல்கலைக்கழகம் புகுதற்கு யாவை வேண்டும் என்பவற்றை அவர்தம் பெற்றோரும் அறியார். ஐயத்தை வினவுதற்கு முன்னர், வினவவேண்டியது யாதென விளங்கவேண்டுமன்றோ? ஆதலால் ஆலோசகரின் கதவு திறந்திருப்பினும் அவர்கள் நுழைவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வழியினரான மாணாக்கரிடம் இந்நிலை தெளிவாகக் காணப்பட்டது. கலிபோர்ணியாவின் சபோக் கல்லூரியில் 1981ஆம் ஆண்டு, ஆலோசகராகிய பீலிக்ஸ் கலவிசும் ஆங்கில ஆசிரியராகிய பற்றீசியா மக்ராவும் 'புவென்ரே' என்னுந் திட்டத்தைத் தொடக்கினர். ஸ்பானிய மொழியில் அச்சொல் பாலத்தைக் குறிக்கும். ஆலோசகர் தம் அறையிற் காத்திராது, எழுத்துப்பயிற்சி வகுப்போடு இணைந்து பணிபுரிந்தார்; கற்றுயர்ந்த பெரியோர் வழிகாட்டிகளாயினர்.

அவ்வழியினர் பெருந்தொகையாகப் பயிலும் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஈராண்டுக் கல்லூரிகளில் 2007இல் தோன்றிய திட்டமொன்று, ஆலோசகரைச் சந்தித்தலைக் கட்டாயமாக்கிப் பொருளுதவியும் அளித்தது. பின்னர் நடந்த ஆய்வில், அதிற் சேர்ந்தோருள் நூற்றுக்கு 40 பேர் மூன்றாண்டுகளிற் பட்டம் பெற, சேராதோருள் 22 பேரே பெற்றனர்.

வினவாதிருப்போரை ஆர்வமற்றோரென ஒதுக்குதல் தகாது. அவர்பாற் சென்று வினவுதலே ஆலோசகர் கடனாம்.