இணைய அங்காடிக் கிடங்கில் இடமும் வாடகையும்

ரயிலில் சென்னைக்கு வருவோர் பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றுவிடுவதை நன்கு அறிவர். சென்ட்ரலில் நடைமேடை காலியாகும் வரை அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான். அவ்விடத்தை அடுத்துள்ளது சால்ட் கோட்டார்ஸ் சரக்கு நிலையம். ஒரு காலத்தில் உப்புச் சேமித்த இடமாதலால் இப்பெயர் ஏற்பட்டது. கோட்டார்ஸ் என்பது நமது 'கொட்டாரம்' என்ற சொல்லே. களஞ்சியம் என்று பொருள்.

ரயில்வே சரக்கு நிலையங்களில் இறக்கிய மூட்டைகளை அகற்றக் குறிப்பிட்ட நேரம் வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் கிடந்தால் 'வார்ஃபேஜ்' செலுத்த வேண்டும். வேகனையே காலி செய்யாமல் நிறுத்தி வைத்தால் 'டெமரேஜ்'. அடுத்து வரும் சரக்குக்கு இடம் வேண்டும் என்பதே இக்கட்டணங்களின் முதல் நோக்கம்.

இன்று அமேசான் போன்ற இணைய அங்காடிகளின் கிடங்குகளிலும் இதே கணக்குத்தான் நடைபெறுகிறது. நாட்டுச் சர்க்கரை, அவல், பொரி, சிறுதானிய மாவு ஆகியவற்றைப் பொட்டலமிட்டு இவ்வழியில் விற்க உழவர்கள் பலர் முன்வருகின்றனர். அவர்கள் முதலில் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. இங்கு வாடகை எடைக்கு அன்று. அடைத்துக் கொள்ளும் இடத்துக்கும் இருக்கும் நாளுக்கும் ஆகும். கன அடிக்கு மாதம் இவ்வளவு என்று வசூலிக்கப்படுகிறது.

ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28,300 கன செ.மீ. பொட்டலத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.-இல் அளந்து பெருக்கி, 28,300-ஆல் வகுத்தால் அது பிடிக்கும் இடம் கிடைக்கும். எடுத்துக்காட்டாகக் கன அடிக்கு மாத வாடகை ரூ.40 என்று கொள்வோம். (இது கணக்குக்காக மட்டுமே, உண்மை விகிதம் அவ்வப்போது மாறும். விற்பனையாளர் கணக்கில் பார்த்துக் கொள்ளவும்.) ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரைப் பொட்டலம் 20 x 14 x 6 செ.மீ. என்றால் வாடகை மாதம் ரூ.2.40 அளவில் முடியும். அரைக் கிலோ பொரிப் பொட்டலம் 30 x 20 x 10 செ.மீ. என்றால் ரூ.8.50 ஆகும். பாதி எடைக்கு மூன்றரை மடங்கு வாடகை! பொரியின் விற்பனை விலை ரூ.90 என்றால், மூன்று மாதம் தங்கினாலே கால் பங்குக்கு மேல் வாடகையில் போய்விடும்.

எவ்வளவு அனுப்புவது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். மாதம் 60 பொட்டலம் பொரி விற்கிறது என்க. வண்டி வாடகையை மிச்சப்படுத்த எண்ணி 300 பொட்டலத்தை ஒரே தடவையில் அனுப்பினால், முதல் மாதச் சராசரி இருப்பு 270, பின்னர் 210, 150, 90, 30. இவற்றின் கூட்டல் 750. வாடகை ரூ.6,375. மொத்தச் சரக்கின் மதிப்பே ரூ.27,000 தான். அதையே மாதம் 60 வீதம் ஐந்து தடவையாக அனுப்பினால் மாதச் சராசரி இருப்பு 30. வாடகை ஐந்து மாதத்துக்கு ரூ.1,275 மட்டும். மிச்சம் ரூ.5,100. கூடுதலாக அனுப்பும் நான்கு நடைக்கும் நடையொன்றுக்கு ரூ.1,275-க்குக் குறைவாகச் செலவானால் சிறுகச் சிறுக அனுப்புவதே இலாபம். ஐந்து மாதக் கிடப்பில் பொரி நமத்துப் போகும் என்பதை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

இருப்புக்கு வரம்பும் உண்டு. விற்பனை மந்தமாயின் ஒதுக்கப்படும் கன அடி குறையலாம். பண்டிகைக் காலத்தில் கிடங்கு நிறைந்து புதுச் சரக்கு தாமதமாகலாம். ஆகவே தீபாவளிச் சரக்கைக் கடைசி வாரத்தில் அனுப்புவதை நம்பியிருத்தல் கூடாது. நெடுநாள் தேங்கிய சரக்குக்குக் கூடுதல் கட்டணமும், திரும்பப் பெறப் பொட்டலத்துக்கு இவ்வளவு என்ற கட்டணமும் உண்டு. உண்ணும் பொருளில் காலாவதி நாள் நெருங்கினால் விற்பனையிலிருந்து நீக்கிவிடுவர்.

பொரி, அப்பளம் போன்று இடத்தை அடைக்கும் பொருள்களைக் கிடங்கில் வைக்காமல், ஆர்டர் வந்த பின் வீட்டிலிருந்தே அனுப்பும் முறையில் விற்பதே மேல் என்பது என் கருத்து. தேன், சர்க்கரை, நெய் ஆகியவற்றுக்குக் கிடங்கு ஒத்துவரும்.

வரி பற்றியும் ஒரு சொல். ஜி.எஸ்.டி. வரம்புக்குக் குறைந்த விற்பனை உடையோர் பதிவு இன்றி, சேர்க்கை எண் மட்டும் பெற்று, மாநிலத்துக்குள் இணைய அங்காடி வழியே விற்க 1.10.2023 முதல் வழி உண்டு. வேறு மாநிலக் கிடங்குக்குச் சரக்கு அனுப்பினால் இச்சலுகை பொருந்தாது. பதிவு பெற்றோர், அங்காடியின் கிடங்கு முகவரியைத் தமது கூடுதல் தொழிலிடமாகப் பதிவில் சேர்த்த பின்னரே அங்குச் சரக்கு வைத்தல் வேண்டும்.

நெல், உளுந்து, நிலக்கடலை போன்றவற்றை மூட்டையாக வைத்து விலைக்குக் காத்திருப்போர்க்கு இக்கிடங்குகள் உதவா. அவர்கள் 2007-ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற கிடங்கை நாடி, மின்னணுக் கிடங்கு ரசீது பெறலாம். அந்த ரசீதின் பேரில் வங்கியில் கடன் பெறவும் இயலும்.